மூன்றாம் நம்பர் மோட்டாரின் விக்கல்

பள்ளத் தெருக்காரர்கள் மழை வந்தால் வானத்தைப் பார்க்க மாட்டார்கள். காதைத் தீட்டிக்கொண்டு, மோட்டார் ஓடுகிறதா என்று கேட்பார்கள். ஓடினால் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். ஓடவில்லையென்றால் கட்டிலின் நாலு கால்களுக்கும் செங்கல் தேடுவார்கள். ஊரில் விழும் தண்ணீரில் பாதி அந்தத் தெருவுக்குத்தான் வந்து சேரும். அதை இழுத்து ஆற்றில் கொட்ட, தெருவை ஒட்டிய மதிலுக்கு அந்தப் பக்கம், நீரேற்று நிலையத்தில் மூன்றாம் நம்பர் மோட்டார் இருந்தது. ஒன்றும் இரண்டும் மேட்டுத் தெருக்களுக்கு உழைப்பவை, பரம சாது. மூன்றாவதுதான் பிடிவாதம் பிடித்த சனியன்.

இந்த மூன்றையும் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டி மேய்த்தவரை எல்லாரும் மோட்டார்காரர் என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பணிப்பதிவேட்டில் பத்திரமாக இருந்தது, யாரும் எடுத்துப் புழங்கவில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கென்று மிஞ்சியவை இரண்டு. ஒன்று, பள்ளத் தெருவில் ஒரு தையல்காரருக்கு வாழ்க்கைப்பட்ட மகளும் அவள் இடுப்பில் இருந்த ஏழு மாசப் பேத்தியும். இன்னொன்று, ஒரு நோட்டு.

நோட்டு என்றால் சாதாரண நோட்டு இல்லை. கிரீஸ் ஏறி ஏறி ஒவ்வொரு தாளும் தோல் மாதிரி ஆகியிருந்தது. சைக்கிள் ட்யூபை அறுத்துச் சுற்றிக் கட்டியிருந்தார். அதில் மோட்டார்கள் செய்யும் அத்தனை கோளாறும், அதற்கான கைமருந்தும் இருந்தன. அவர் வகை பிரித்திருந்த விதம் அவருக்கே உரியது. மோட்டார் அறையில் கோளாறு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும். அதனால் சத்தத்தை வைத்துப் பிரித்திருந்தார். முனகல், இருமல், கொட்டாவி, நறநறப்பு, விக்கல். ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் மருமகனிடம் வாங்கிய நூல் ஒன்றைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார். முனகலுக்கு ஒரு முடிச்சு, இருமலுக்கு இரண்டு, இப்படியே போய் விக்கலுக்கு ஐந்து. கரண்ட் போய்க் கண் தெரியாத நேரத்திலும் எண்ணெய்க் கையால் தடவி, வேண்டிய பக்கத்தைப் பிரித்துவிடுவார். அப்புறம் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு படிக்க வேண்டியதுதான்.

விக்கல் மூன்றாம் நம்பருக்கு மட்டும் வரும். உள்ளே காற்று புகுந்துவிட்டால், தண்ணீரை இழுக்காமல் விக்கி விக்கி நிற்கும். அப்போது வெளிவால்வை முழுக்க மூட வேண்டும், காற்றுக்குழாயைத் திறக்க வேண்டும், ஒரு வாளித் தண்ணீரைப் புனலில் ஊற்ற வேண்டும், குமிழி நின்ற பிறகு வால்வைச் சுற்றித் திறக்க வேண்டும். எத்தனை சுற்று என்பதில்தான் சூட்சுமமே இருந்தது. கூடினால் மறுபடி காற்றை விழுங்கும். குறைந்தால் சூடேறி அச்சு முறியும். முறிந்தால் புது அச்சு வர ஒரு மாசம். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒவ்வொரு கணக்கு. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து எழுதிவைத்த பிறகு, இனி இதை மண்டையில் வேறு எதற்குச் சுமக்க வேண்டும் என்று மோட்டார்காரர் நிம்மதியாக மறந்துவிட்டார். நோட்டு இருக்கிற தைரியம். நீங்களும் நானும் அதைத்தானே செய்கிறோம்.

இப்படி இருக்கையில், நீரேற்று நிலையத்தின் மாடி அறைகளுக்கு வெள்ளையடித்தார்கள். வாசலில் ஒரு பலகை ஏறியது. தொழில்நுட்பக் குறிப்பு வகைப்பாட்டு இயக்ககம். கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. தொழிலாளர் தம் வசம் வைத்திருக்கும் சொந்தக் குறிப்புகள் அனைத்தையும் பதினைந்து நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், அவை முறையாக வகைப்படுத்தப்பட்டுப் பொதுமக்களுக்குப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவரப்படும் என்று அதில் இருந்தது.

மோட்டார்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் நோட்டை ஒருத்தர் கேட்பது இதுதான் முதல் தடவை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, நோட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு மாடியேறினார். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்கள் என்று நினைத்தார், பாவம்.

இயக்குநர் நோட்டைக் கைக்குட்டையால் பிடித்துப் பிரித்தார். நல்ல மனிதர், கோபமே வராது. அதுதான் அவரிடம் உள்ள பெரிய தொல்லை.

"இது என்ன, விக்கல்?"

"மோட்டார் போடுற சத்தம்ங்கய்யா. நான் சத்தத்தை வச்சுப் பிரிச்சிருக்கேன்."

"சத்தத்தை வச்சு எப்படிங்க பிரிக்கிறது? சத்தம் வரும், போகும். வகைன்னா நிலையா நிக்கணும். எங்ககிட்ட அறுபத்து நாலு வகை இருக்கு. உலகத்துல உள்ள எல்லா விஷயமும் அந்த அறுபத்து நாலுக்குள்ள அடங்கிடும். அடங்காததுக்கு 'இதர'ன்னு ஒண்ணு வச்சிருக்கோம்."

"சரிங்கய்யா. மழைக்கு முன்னாடி நோட்டு கைக்குக் கிடைச்சிடுமா? மூணாம் நம்பர் விக்க ஆரம்பிச்சா எனக்கு அது இல்லாம ஆகாது. கீழ பள்ளத் தெரு இருக்கு. என் மக அங்கதான் இருக்கா, கைக்குழந்தையோட."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பேச வாய்ப்புக் கிடைத்தால் விடுவாரா? "நீங்க இன்னும் பழைய மாதிரியே யோசிக்கிறீங்க. ஒரு குறிப்பு ஒருத்தருக்கு உதவுச்சுன்னா அது அவர் சொந்த விஷயம். நாலு பேருக்கு உதவுச்சுன்னா அது சலுகை. யாருக்கும் தனியா உதவாம, எல்லாருக்கும் சமமா இருக்கு பாருங்க, அப்பதான் அது பொதுச் சொத்து. இந்த இயக்ககம் ஆரம்பிச்சு இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூடச் சலுகை காட்டினதில்ல. தைரியமாப் போங்க."

மோட்டார்காரர் தைரியமாகத்தான் போனார். கையில் ஒரு ரசீது இருந்தது.

பத்து நாள் கழித்து, வானம் கொஞ்சம் கறுத்திருந்த ஒரு காலையில் மறுபடி மாடியேறினார். பதிவறை அம்மாள் கவுண்டரில் இருந்தார். சுத்தமான கையெழுத்து, சுத்தமான மேசை, முகத்தில் எப்போதும் ஒரு பரிவு. அவருக்குப் பின்னால் ஒரு நீள மேசையில் ஆறு பேர் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தலை நிமிரவில்லை. மேசை நிறையத் துண்டுத் துண்டாகக் காகிதம். அந்தக் கிரீஸ் நிறம் மோட்டார்காரருக்கு எங்கேயோ பார்த்த நிறமாக இருந்தது.

"என்னம்மா இது, நோட்டை வெட்டுறாங்க?"

"வெட்டாம எப்படிங்க வகைப்படுத்துறது? ஒரு பக்கத்துல வாளியும் இருக்கு, வால்வும் இருக்கு, தண்ணியும் இருக்கு. எந்த வகையில வைக்கிறது? அதனால ஒரு வாக்கியத்துக்கு ஒரு வகைன்னு முடிவு பண்ணிட்டோம். உங்க நோட்டுல ஆயிரத்து நூத்தி நாப்பது வாக்கியம் இருந்துச்சு. இவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்கன்னு எல்லாரும் பாராட்டினாங்க."

அவர் மகிழ்ச்சியோடு இழுப்பறைகளைக் காட்டினார். வாளியைப் பற்றிய வாக்கியங்கள் பாத்திரங்கள் வகைக்குப் போயிருந்தன. விக்கலும் இருமலும் மருத்துவத்துக்குப் போயிருந்தன. வால்வை மூடு, குழாயைத் திற என்று எழுதியதெல்லாம் கதவு, ஜன்னல் வகையில் இருந்தன. 'பயப்படாதே' என்று பக்கத்துக்குப் பக்கம் அவர் தனக்குத்தானே எழுதிக்கொண்டதை மனநலத்தில் சேர்த்திருந்தார்கள். எண்களைத் தனியாக நறுக்கிக் கணிதத்தில் போட்டிருந்தார்கள். முடிச்சுப் போட்ட நூல்களைச் சிக்கெடுத்து, முடிச்சை அவிழ்த்து, நீவிவிட்டு, ஜவுளி வகையில் சுருட்டி வைத்திருந்தார்கள். 'பேத்தி பிறந்த அன்று மூன்றும் ஒரு விக்கல் இல்லாமல் ஓடின' என்று ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். அது மக்கள்தொகைக்குப் போயிருந்தது.

இருபத்திரண்டு வருஷத்தைப் பத்து நாளில் கூறு போட்டுவிட்டார்களே என்று மோட்டார்காரர் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஜன்னல் கம்பியில் முதல் தூறல் விழுந்தது.

"அம்மா, எனக்கு மூணாம் நம்பரோட விக்கல் பக்கம் மட்டும் வேணும். இப்பவே வேணும்."

"பக்கம்னு இப்ப ஒண்ணும் இல்லீங்களே. வாக்கியம்தான் இருக்கு. எந்த வாக்கியம் வேணும்னு எழுதிக் குடுங்க, எடுத்துத் தரச் சொல்றேன்."

"அந்த வாக்கியம் என்னன்னு தெரிஞ்சா நான் ஏம்மா இங்க வரேன்?"

"அப்படிக் கேட்டா நான் என்ன சொல்றதுங்க. படிவத்துல ரெண்டாவது கட்டம் அதுதான்."

நல்லவேளை, அன்றைக்குத் தூறலோடு போயிற்று. நாலு நாள் நடையாய் நடந்தார். ஒரு நாளைக்கு ஒரு படிவம், ஒரு படிவத்துக்கு ஒரு துண்டு. விக்கல் என்று எழுதிக் கொடுத்தார். மருத்துவ வகையிலிருந்து 'விக்கல்' என்ற ஒற்றைச் சொல் வந்தது. வாளி என்று கேட்டார். 'ஓட்டை வாளியை எடுக்காதே' என்று வந்தது. கணிதத்தில் எதையாவது கொடுங்கள் என்று கெஞ்சினதில் 'ஐந்தேகால், அதற்கு மேல் போகக் கூடாது' என்று ஒரு துண்டு கிடைத்தது. எதற்கு ஐந்தேகால்? முனகலுக்கா, கொட்டாவிக்கா, விக்கலுக்கா? ஒன்றும் விளங்கவில்லை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்து பெஞ்சில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தார். அவர் குறிப்பு வருவதற்காக ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் இரண்டு பேர் காத்திருக்கிறார்களாம்.

இனி இவர்களை நம்பினால் வேலைக்காகாது என்று மோட்டார்காரருக்குத் தெரிந்துபோயிற்று. கீழே இறங்கினார். ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட் எடுத்தார். நினைவில் இருந்த வரைக்கும் எல்லாவற்றையும் மோட்டார் அறைச் சுவரில் எழுத ஆரம்பித்தார். ஞாபகம் வந்ததைப் பெரிசாகவும், சந்தேகமானதைச் சின்னதாகவும் எழுதினார். விக்கல் இடம் வந்தபோது சுற்றுக் கணக்கை மட்டும் விட்டு, அங்கே கொஞ்சம் இடம் காலியாக வைத்தார்.

பெயின்ட் காய்வதற்குள் இயக்குநர் வந்துவிட்டார். பின்னாலேயே ஆறு பேரும் வந்தார்கள். கத்தரிக்கோலோடுதான். சுவரைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இது சொந்தக் குறிப்பு" என்றார் இயக்குநர், வருத்தமாக. "பதினஞ்சு நாள் கெடு தாண்டின சொந்தக் குறிப்பு. சுவரை ஒப்படைச்சிருக்கீங்களா?"

"சுவரை எப்படிங்கய்யா ஒப்படைக்கிறது? கூரை அது மேலதான் நிக்குது."

"கூரை எங்க துறை இல்ல."

சுவரை இடிப்பதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் ஆலோசனை நடந்தது. கடைசியில் இரக்கப்பட்டு, மேலிருந்து கீழ் வரை சாக்குத்துணியால் மூடி அரக்கு முத்திரை வைத்தார்கள். இயக்குநர் போகிற போக்கில் நின்று, மோட்டார்காரரை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்த விதம் ஏதோ இழுப்பறைக்கு அளவெடுப்பது போல இருந்தது.

"உங்ககிட்ட இன்னும் இருக்கு போல இருக்கே" என்றார்.

மறுநாளே உத்தரவு வந்தது. பணியாளரின் தலைக்குள் வகைப்படுத்தப்படாத தொழில்நுட்ப விவரங்கள் தங்கியிருப்பது தெரியவருவதால், அவர் தம்மையே இயக்ககத்தில் ஒப்படைக்க வேண்டும். அதற்கான ரசீது வழங்கப்படும்.

பதிவறை அம்மாள் அவரை ஒவ்வொரு வகையாக வைத்துப் பார்த்தார். இயந்திரம் என்றால் உயிர் இருக்கிறது. மருத்துவம் என்றால் நோய் இல்லை. மக்கள்தொகையில் போடலாம் என்றால் எழுத்து வடிவில் இல்லை. கடைசியில் இதர அறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, சட்டைப் பொத்தானில் ஓர் அட்டையை நூலால் கட்டினார். காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் வந்தன. சாயங்காலம் ஒருவர் வந்து தூசி தட்டிவிட்டுப் போனார்.

"என் இடத்துக்கு ஆள் போட்டாங்களாம்மா?"

"எப்படிங்க போடுவாங்க? நீங்க வேலையிலதானே இருக்கீங்க. காலியிடமே இல்லியே."

அன்றைக்கும் மறுநாளும் வானம் மூடிக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் காலையில் கொட்டியது. சாதாரண மழை இல்லை, ஆளை அடிக்கிற மழை. நிலையத்துக் குளத்தில் தண்ணீர் ஏறி மிதவையைத் தூக்கியதும் மூன்று மோட்டார்களும் தாமாக ஓட ஆரம்பித்தன. தரையிலிருந்து அந்த அதிர்வு ஸ்டூல் வழியாக ஏறி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மோட்டார்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு மணி நேரம் சரியாகத்தான் ஓடின. அப்புறம் மூன்றாவது ஒரு தரம் விக்கியது. கொஞ்சம் நின்று, மறுபடி விக்கியது.

சட்டைப் பையில் கைபேசி அடித்தது. மகள்.

"அப்பா, வாசப்படி முங்கிடுச்சுப்பா. மோட்டார் என்னமோ மாதிரி சத்தம் போடுது. நீ எங்க இருக்க?"

"மேலதான் இருக்கேன் கண்ணு. குழந்தை எங்க?"

"தையல் மெஷின் மேல உக்கார வச்சிருக்கேன். பீரோவுக்குள்ள தண்ணி போயிடுச்சு. இவரு கதவுக்குச் சாக்கு வச்சு அடைக்கிறாரு, நிக்க மாட்டேங்குது. சீக்கிரம் ஏதாவது பண்ணுப்பா."

மோட்டார்காரர் எழுந்து கவுண்டருக்கு ஓடினார். பதிவறை அம்மாள் கையை நீட்டித் தடுத்தார். குரலில் அதே பரிவு.

"ஆவணம் தானா வெளிய போகக் கூடாதுங்க. யாராவது கேட்டு விண்ணப்பம் போட்டா, இரவலாத் தரலாம்."

"நானே போடுறேன் விண்ணப்பம். குடுங்க படிவத்தை."

"கேக்குற பொருளே நீங்கதான். கேக்குறவரும் நீங்களா இருக்க முடியாது. மேல கேட்டாங்கன்னா நான் என்ன பதில் சொல்வேன்?"

"அம்மா, என் பேத்தி தண்ணிக்கு மேல மெஷின்ல உக்காந்திருக்கும்மா." அவர் குனிந்தார். "கால்ல விழுறேன்."

"ஐயோ, குனியாதீங்க" என்றார் அந்த அம்மாள், பதறிப்போய். "அட்டை கசங்கிடும்."

மோட்டார்காரர் மகளைக் கூப்பிட்டார். மாப்பிள்ளையை உடனே அனுப்பு என்று சொன்னார். பத்து நிமிஷத்தில் தையல்காரர் வந்து சேர்ந்தார். இடுப்பு வரைக்கும் சேறு, கழுத்தில் இன்ச் டேப். பதிவறை அம்மாள் ஈரம் படாமல் படிவத்தை ஓரத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கோரும் ஆவணத்தின் பெயர்?"

"மாமனார்."

"வகை?"

தையல்காரர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் பொத்தானில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

"இதர."

"எதுக்காக வேணும்?"

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சுங்க."

"அது காரணம். நோக்கம் என்னன்னு கேட்டிருக்கு."

தையல்காரர் ரொம்பச் சாதுவான மனிதர். வாழ்க்கையில் யாரோடும் சண்டை போட்டதில்லை. "தண்ணி வெளிய போகணும்" என்றார். அம்மாள் எழுதிக்கொண்டார். மூன்று இடத்தில் கையெழுத்து, இரண்டு முத்திரை, சாயங்காலம் ஐந்து மணிக்குள் சேதமில்லாமல் திருப்பித் தருகிறேன் என்று ஓர் உறுதிமொழி. தாமதமானால் விண்ணப்பதாரரே ஈடாக வைத்துக்கொள்ளப்படுவார். இதற்குள் கீழே மூன்றாம் நம்பர் விக்குவதையும் நிறுத்திவிட்டு, வெறுமனே உறுமிக்கொண்டிருந்தது.

மாமனாரும் மருமகனும் படியில் உருண்டு விழாத குறையாக இறங்கினார்கள். மோட்டார் அறையில் கணுக்கால் தண்ணீர். வெளிவால்வை மூடினார், காற்றுக்குழாயைத் திறந்தார். வாளியைத் தேடினால் ஓட்டை வாளிதான் இருந்தது. இரண்டு வாளியாக ஊற்றினார். குமிழி நின்றது. இனி வால்வைத் திறக்க வேண்டும். எத்தனை சுற்று? சாக்குத்துணிக்குப் பின்னாலும் அந்த இடம் காலி. சட்டைப் பையில் கைவிட்டு அந்தத் துண்டை எடுத்தார். 'ஐந்தேகால், அதற்கு மேல் போகக் கூடாது.' விக்கலுக்குத்தான் எழுதினேனா? வேறு எதற்காவது எழுதியிருந்தால் அச்சு போச்சு, தெரு போச்சு.

இடது உள்ளங்கையை மோட்டாரின் வயிற்றில் அழுத்தி வைத்துக்கொண்டு, வலது கையால் சுற்றினார். ஒன்று. இரண்டு. மூன்றில் சூடு தெரிந்தது. நாலில் ஒரு உதறல். ஐந்தில் உதறல் குறைந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். உள்ளங்கைக்குக் கீழே அது சட்டென்று அடங்கி, குழந்தை ஏங்கி அழுது முடித்துத் தூங்கும்போது முதுகில் தெரியுமே, அந்த மாதிரி ஒரு சீரான மூச்சு வந்தது. கையை எடுத்துவிட்டார். ஐந்தேகால்தான். அவர் அழுதுவிட்டார், சொல்வதற்கு என்ன வெட்கம்.

நாலரை மணிக்குத் தெருவில் முதல் படி வெளியே தெரிந்தது. மகள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். ஆனால் மழை விடவில்லை. இன்னும் இரண்டு நாள் பெய்யும் என்று ரேடியோவில் சொன்னார்கள். மூன்றாம் நம்பர் மறுபடி விக்கும். விக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மோட்டார்காரர் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். "மாப்பிள்ளை, ஒரு காகிதம் குடுங்க. வரிசையா எழுதித் தரேன். நான் போன பிறகு நீங்கதான் பாத்துக்கணும்."

தையல்காரர் இரண்டடி பின்னால் போனார். அவர் பார்வை பேனாவிலேயே இருந்தது.

"எழுதாதீங்க மாமா. எழுதினா என்கிட்ட இருந்து எடுத்துடுவாங்க. அப்புறம் என்னையும் எடுத்துடுவாங்க."

"வாயால சொல்லவா?"

"சொன்னா நான் திருப்பிச் சொல்லிடுவேன். எனக்குப் பொய் பேச வராது, உங்களுக்குத் தெரியும்."

மோட்டார்காரர் பேனாவை மூடினார். மருமகனின் கையைப் பிடித்து மோட்டாரின் வயிற்றில் வைத்தார். இன்னொரு கையை வால்வில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துச் சுற்றினார். மூடித் திறந்து, மூடித் திறந்து, பதினைந்து தடவை. ஒரு வார்த்தை பேசவில்லை. துணியின் நூலோட்டத்தை விரலில் பார்க்கிற ஆள், பத்தாவது தடவையிலேயே பிடித்துக்கொண்டார். ஐந்து மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது மோட்டார்காரர் படியேறிப் போய்த் தன்னைத் திருப்பிக் கொடுத்தார். பதிவறை அம்மாள் அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'ஓரங்களில் ஈரம்' என்று குறித்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் மழை பெய்தது. இதர அறை ஸ்டூலில் உட்கார்ந்து மோட்டார்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நம்பர் விக்கும், நிற்கும், பிறகு சீராக மூச்சு விடும். ஒவ்வொரு தரமும் அவர் தலையை ஆட்டிக்கொள்வார். பரவாயில்லை, மாப்பிள்ளை தேறிவிட்டார் என்று மனசு கொஞ்சம் ஆறியது.

மூன்றாம் நாள் அறைக் கதவு திறந்தது. இன்னொரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்கள். கழுத்தில் இன்ச் டேப்போடு தையல்காரர் உள்ளே வந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானில் அட்டை தொங்கியது.

மோட்டார்காரர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். "எப்படி மாப்பிள்ளை?"

"உங்களைத் திருப்பிக் குடுத்ததுக்கு நேத்து ஒரு படிவம் அனுப்பினாங்க மாமா. அதுல கடைசியா ஒரு கட்டம் இருந்துச்சு. இரவல் பெற்ற ஆவணத்தால் ஏதேனும் கற்றுக்கொண்டீர்களான்னு. மரியாதைக்கு 'ஆம்'னு போட்டுட்டேன்."

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? மோட்டார்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். வெளியே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. கூரையில் மழை விழுகிற சத்தம் வலுத்தது.

"கீழ யாரு இருக்கா?" என்று கேட்டார்.

தையல்காரர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்துக் காட்டினார். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். அப்புறம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வது போல ஒரு சாடை செய்தார்.

மோட்டார்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதலையே?"

"இல்ல."

"பேசலையே?"

"வாயே தொறக்கல மாமா. யாராவது கேட்டா என்ன சொல்லணும்கிறதை மட்டும் சொல்லிக் குடுத்திருக்கேன்."

அப்போது நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டது. மேலிடத்திலிருந்து யாரோ பெரிய மனிதர்கள் பார்வையிட வந்திருந்தார்கள். இயக்குநர் அவர்களை அழைத்துக்கொண்டு வந்து, கதவைத் திறந்து காட்டினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"இந்த நிலையத்தோட மொத்த அறிவும் இப்ப மாடியில இருக்கு. கீழ ஒரு சொட்டு கிடையாது. எல்லாம் முறையா, பத்திரமா, யாரும் தொட முடியாதபடி வச்சிருக்கோம்."

பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். அந்தச் சமயம் பார்த்துக் கீழே மூன்றாம் நம்பர் விக்கியது. ஒரு தரம், இரண்டு தரம். மாமனாரும் மருமகனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். விக்கல் உறுமலாக மாறியது. வால்வு மூடுகிற கிறீச் சத்தம். கொஞ்ச நேரம் மழையும் உறுமலும் மட்டும் கேட்டன. மோட்டார்காரரின் விரல்கள் மடியில் தாமாக எண்ணின. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. அப்புறம் ஒரு கால். கட்டடத்தின் அடியிலிருந்து அந்தச் சீரான மூச்சு ஏறி வந்து ஸ்டூலில் தெரிந்தது.

இயக்குநரின் நெற்றி சுருங்கியது. "என்ன சத்தம் அது?"

"தெரியலீங்களே ஐயா" என்றார் மோட்டார்காரர்.

இயக்குநர் தையல்காரர் பக்கம் திரும்பினார். வாழ்நாளில் ஒரு பொய் சொல்லியிராத அந்த மனிதர் எழுந்து நின்றார். பொத்தானில் தொங்கிய அட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் தெரியாதுங்க" என்றார்.